ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லுக்கு ரெசினா, கிளாஸ் அயனோமரா, வார்னிஷா?

கடைவாய்ப்பல்லின் மேற்பள்ளங்களைச் சூத்தை பிடிக்கும் முன்பே மூடிவிடுவது நல்லது என்பதில் பல் வைத்தியர்களிடையே இன்று பெரிய வாக்குவாதம் இல்லை. 2016 இல் அமெரிக்கப் பல் வைத்திய சங்கமும் அந்நாட்டுச் சிறுவர் பல் வைத்திய அக்கடமியும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், சூத்தையற்ற நிரந்தரக் கடைவாய்ப்பற்களுக்கும் குழி விழாத ஆரம்பச் சூத்தைக்கும் சீலன்ட் (பள்ளத்தை மூடும் மெல்லிய பூச்சு) போடச் சொல்கிறது. போடாத பல்லோடு ஒப்பிட்டால் 2–3 ஆண்டுகளில் சூத்தை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 76 சதவீதம் குறைகிறது என்பது அதன் கணக்கு. எந்தப் பொருளைப் போடுவது என்று கேட்டால் மட்டும் அதே ஆவணம் கையை விரித்துவிடுகிறது. ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்லப் போதிய தரமான சான்று இல்லை என்கிறது. ஈரத்தைத் தடுக்க முடிந்தால் ரெசின் (ஒளியில் இறுகும் பிசின்), முடியாவிட்டால் ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் (கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்த சீமெந்து) என்ற ஒரு குறிப்போடு நிறுத்திக்கொள்கிறது.

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாலை நேரக் கிளினிக்கில் ஏழு வயதுப் பிள்ளையைக் கதிரையில் இருத்தியவருக்கு அந்தக் குறிப்பிலிருந்துதான் வேலை ஆரம்பமாகிறது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பல்லை ஒரு நிமிடம் முழுக்க எச்சில் படாமல் வைத்திருக்க முடிந்தால் ரெசின். முடியாவிட்டால் கிளாஸ் அயனோமர். ஆறு மாதத்துக்கொருமுறை பிள்ளை தவறாமல் வரும் என்ற உறுதி இருந்தால் வார்னிஷை (பல்லில் தடவும் புளோரைட் பூச்சை) தனியாக நம்பலாம். விலை, பிராண்ட், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

எந்தப் பல், எந்த நேரம்

முதலாம் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதளவில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கிறது. அதற்கு இடம்விட எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால்தான் "அது பால்பல்லுத்தானே டொக்டர், விழுந்து முளைக்கும்தானே?" என்று அம்மாமார் கேட்கிறார்கள். 16, 26, 36, 46 (வாயின் நான்கு பக்கமும் உள்ள இந்தப் பல்லின் இலக்கங்கள்) ஆகிய நான்கும் விழாத பற்கள் என்பதைக் கண்ணாடியில் காட்டிச் சொல்வதற்கு ஒரு நிமிடம் ஒதுக்காவிட்டால், மற்ற எதையும் விளக்கிப் பயனில்லை.

முரசைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிவதிலிருந்து எதிர்ப்பல்லைத் தொடும்வரை இந்தப் பல்லுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கலாம். இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு அதைவிடக் கூடும். அந்தக் காலம் முழுக்கப் பல் பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்தே நிற்கும். பிரஷ் அதன்மேல் பாலம் போலக் கடந்து போய்விடும். மெல்லும்போது உராய்ந்து துப்புரவாவதும் இல்லை. பின்பாதியை முரசின் மடல் ஒன்று மூடியிருக்கும், அதன் கீழிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். சூத்தை தொடங்குகிற காலமும் ரெசின் ஒட்டாத காலமும் ஒன்றாக வந்து விழுவதுதான் வழிகாட்டலை நடைமுறைப்படுத்துவதில் முதல் முடிச்சு.

அரச பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 இல் நடக்கிறது. தரம் 1 முதலாம் கடைவாய்ப்பல்லோடும் தரம் 7 இரண்டாவதோடும் ஏறக்குறையப் பொருந்தி வருகின்றன. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் உள்ள இடத்தில் 13 வயது வரை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தனியார் கிளினிக்கில் இப்படி எந்த நினைவூட்டலும் இல்லை. காய்ச்சலுக்கு டொக்டரைச் சனல் பண்ணுகிற மாதிரி, வலி வந்த பிறகே பல்லுக்கும் சனல் பண்ணுகிறார்கள். ஆகவே தங்கையின் பல்லைப் பிடுங்க வந்த குடும்பத்தில் கூட வந்திருக்கும் அண்ணனையும் கதிரையில் ஏற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மூடலாமா என்று பார்ப்பது

கூரான எக்ஸ்புளோரர் ஊசியைப் பள்ளத்தில் அழுத்தி "சிக்குகிறதா" என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். கனிமம் இழந்து நிற்கும் எனாமலை (பல்லின் வெளி ஓட்டை) அந்த ஊசியே உடைத்துவிடும். பிரஷால் துப்புரவாக்கி, 5 செக்கன் காற்றில் உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்த பின் மட்டும் தெரியும் வெண்மை, சூத்தையின் படியை அளக்கும் ஐசிடிஏஎஸ் குறியீட்டில் 1. ஈரத்திலேயே தெரிந்தால் 2. இரண்டையும் மூடலாம். எனாமல் உடைந்திருந்தால் 3. உள்ளிருந்து சாம்பல் நிழல் அடித்தால் 4. நிழல் உள்ள பல்லில் சீலன்ட் போடக்கூடாது. கடிப்பு எக்ஸ்ரே எடுத்து டென்டின் (எனாமலுக்கு அடுத்த உட்படை) வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். தேத்தண்ணீர்க் கறை போன்ற கபில நிறம் மட்டும் இருந்தால் அதைக் குடையத் தேவையில்லை.

இந்த 1, 2 இல்தான் பழைய பழக்கம் வழிகாட்டலோடு மோதுகிறது. சூத்தையை உள்ளே வைத்து மூடினால் அடியில் பரவிவிடும் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. மேலிருந்து உணவு கிடைக்காமல் மூடப்பட்ட கிருமிகள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றன என்பதை ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. 2008 இலேயே அமெரிக்கச் சங்கம் இதைச் சொல்லியும், பின்னர் எடுத்த கருத்தாய்வில் அங்கேயே பாதிக்கும் குறைவான வைத்தியர்களே பின்பற்றினார்கள். ஆக, இது கொழும்புக்கு மட்டும் உரிய தயக்கம் இல்லை. பயத்தில் நியாயமான பங்கு ஒன்றுதான்: மூடி பாதி கழன்று யாரும் பார்க்காமல் கிடந்தால் பள்ளம் மறுபடி திறந்துவிடும். அதற்கு மருந்து திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பது. குடையும் டிரில்லைக் கையில் எடுப்பது அதற்கு மாற்று ஆகாது.

ரெசின்: எங்கே கெடுகிறது

முழுதாக முளைத்த பல், கையாள் ஒருவர், சொன்னபடி வாய் திறக்கும் பிள்ளை. இந்த மூன்றும் இருந்தால் ரெசினுக்கு இணையாக நிலைப்பது வேறில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் முடிவு தளர்ந்துவிடும்.

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். துப்புரவு, 35–37 சதவீதப் பொஸ்போரிக் அமில ஜெல் 15–20 செக்கன், கழுவல், உலர்த்தல், சீலன்ட், அதை இறுக வைக்கும் ஒளி. துப்புரவுக்கு எண்ணெய்ப்பசையுள்ள பேஸ்ட் வேண்டாம். வெறும் பிரஷும் தண்ணீரும் போதும், நிலைப்பில் வித்தியாசமில்லை. ஜெல்லைப் பள்ளத்தோடு நிறுத்தாமல் சரிவுகளில் 2 மில்லிமீற்றர் வரை ஏற்றுங்கள். கழுவும் முன் ஜெல்லைச் சக்ஷனால் உறிஞ்சி எடுங்கள். இல்லாவிட்டால் புளிப்பு நாக்கில் பட்டுப் பிள்ளை வாயை மூடும், அதோடு அந்தப் பல் போயிற்று. மேல்பல்லின் அண்ணப் பக்கப் பள்ளமும் கீழ்ப்பல்லின் கன்னப் பக்கக் குழியும் அடிக்கடி மறக்கப்படும் இடங்கள். மேற்பரப்பு சுத்தமாக இருக்க, அந்தக் குழியில் சூத்தை பிடித்த 36 ஐ எத்தனையோ கிளினிக்குகளில் பார்க்கலாம்.

பெரும்பாலான தோல்விகள் கழுவி முடிந்ததும் வரும் பத்துச் செக்கனுக்குள் நடக்கின்றன. அப்போது எச்சிலை உறிஞ்ச வைத்த பஞ்சுச்சுருள்கள் ஊறியிருக்கும், மாற்றியாக வேண்டும். பழையதை இழுத்தெடுத்துவிட்டுப் புதியதைத் தேடினால் நாக்கு நேரே பல்லில் வந்து விழும். புதிய சுருளைப் பழையதன் மேலேயே வைத்து, அடியிலுள்ளதை உருவி எடுங்கள். மேல்தாடையில் கன்னத்தின் உட்புறம், எச்சில் வாய் திறக்குமிடத்தில் முக்கோண உறிஞ்சட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் வேலை பாதி குறையும். ரப்பர் டாம் (பல்லைச் சுற்றி ஈரத்தைத் தடுக்கும் ரப்பர்த் தாள்) எல்லாவற்றையும்விட நல்லது. முளைத்து முடியாத பல்லில் 14ஏ கிளாம்ப் (அந்தத் தாளைப் பல்லில் நிறுத்தும் கவ்வி) பிடிக்கும், ஆனால் மரப்பு ஊசி இல்லாமல் பல பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். ஊசி போட்டுச் சீலன்ட் வைப்பது கொசுவுக்குத் துவக்கு எடுத்த கதை.

உலர்த்தியதும் எனாமல் உறைபனி போல மங்கலான வெள்ளையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். எச்சில் ஒரு துளி பட்டாலும் துடைத்துவிட்டுத் தொடர்வது வீண். மறுபடி 10 செக்கன் அமிலம், கழுவல், உலர்த்தல். வவுனியா, அநுராதபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து கொழும்புக்கு வந்த பிள்ளைகளில் புளோரைட் படிந்த எனாமலுக்கு அமிலம் லேசில் ஏறாது. அந்த வெள்ளை வரும்வரை இரண்டாம் முறை வைக்க வேண்டியிருக்கும்.

அமிலமும் சரி, பஞ்சும் சரி, ஆனாலும் கழலுகிறது என்றால் காற்றைப் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றை இழுக்கும் கம்ப்ரெசரின் தாங்கியில் தண்ணீர் சேரும். பழைய இயந்திரமானால் எண்ணெயும் கலக்கும். கதிரையிலுள்ள காற்றுக் குழாய் அதைக் கண்ணுக்குத் தெரியாத திவலையாக, அமிலம் வைத்த பல்லிலேயே தெளிக்கும். முகக் கண்ணாடியில் 5 செக்கன் ஊதிப் பாருங்கள். புள்ளி விழுந்தால் தாங்கியின் அடி வால்வைத் திறந்து வடிய விடுங்கள், வடிப்பானை மாற்றுங்கள். மழைக்காலத்தில் இதை ஒவ்வொரு நாள் காலையும் செய்ய வேண்டும்.

சீலன்ட் சிரிஞ்சைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பாவிக்க வேண்டாம். குளிர்ந்த ரெசின் தடித்துப் பள்ளத்துக்குள் இறங்காது. மின்வெட்டில் நாள் முழுக்க வெக்கையில் கிடந்த சிரிஞ்சும் நம்பத்தக்கதல்ல. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தபோது பல கிளினிக்குகளில் எல்ஈடி விளக்கின் பற்றரியோடு சேர்ந்து இதுவும் கேள்விக்குறியாயிற்று. கொஞ்சமாக வையுங்கள், நுனியால் இழுத்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள், 15–20 செக்கன் உள்ளே ஊற விடுங்கள், பிறகு விளக்கு 20 செக்கன், நுனி பல்லை ஒட்டினாற்போல். முடிந்ததும் எக்ஸ்புளோரரால் கிளப்பிப் பார்ப்பது கட்டாயம். இன்று கழன்றால் இன்றே திரும்பப் போடலாம். நிரப்பி கலக்காத ரெசின் உயரமாக இருந்தால் கடித்தே தேய்ந்துவிடும். நிரப்பி கலந்ததைக் கடிப்புக் கடதாசி வைத்து நீங்கள்தான் தேய்க்க வேண்டும்.

பிஸ்பீனோல் ஏ (ரெசினிலிருந்து கசியக்கூடிய இரசாயனம்) பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். ஸ்பெயினில் 1996 இல் வெளியான ஆய்விலிருந்து வந்த பயம் அது. சீலன்ட் போட்ட உடனே எச்சிலில் சிறிதளவு தென்படுகிறது, விரைவில் மறைந்துவிடுகிறது. மேலே இறுகாமல் நிற்கும் பிசின் படலத்தை ஈரப்பஞ்சால் துடைத்து, அரை நிமிடம் கழுவித் துப்பச் சொன்னால் அதுவும் பெருமளவு போய்விடும். இரண்டு வரியில் சொல்லிவிடலாம், மழுப்பத் தேவையில்லை.

கிளாஸ் அயனோமர்: பாதி முளைத்த பல்லுக்கு

மடல் இன்னும் பின்பாதியை மூடியிருக்கிறதா, பிள்ளை திமிறுகிறதா, கனிமம் குறைந்து குளிர்தண்ணீர் பட்டாலே கூசுகிற பல்லா? இங்கே ரெசினோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிளாஸ் அயனோமர் எனாமலோடு இரசாயன முறையில் ஒட்டுகிறது, ஓரளவு ஈரத்தைத் தாங்குகிறது, புளோரைட்டையும் விடுகிறது. கையால் கலப்பதானால் மின்சாரமும் வேண்டாம்.

பொலிஅக்ரிலிக் அமிலக் கண்டிஷனரைத் தடவி, ஈரப்பஞ்சால் இரண்டு மூன்று முறை துடைத்து, உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். காற்றால் வறட்டி எடுக்கக்கூடாது, மினுங்கினால் போதும். கலவையில்தான் கூடுதலானோர் பிழை விடுகிறார்கள். திரவப் போத்தலை முதலில் சரித்துப் பின்னர் நேராகக் கவிழ்த்துத் துளி விடுங்கள், இல்லாவிட்டால் துளிக்குள் காற்று இருக்கும். தூளை ஒட்ட வழித்த கரண்டியால் எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நன்றாகக் குழைத்த பின் மற்றதைச் சேருங்கள். அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மேற்பரப்பின் பளபளப்பு போய்விட்டால் அந்தக் கலவையை வீசிவிடுங்கள், ஒட்டாது. தூள்ப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேலை பார்த்தால் நம் ஊர்க் காற்றில் தூள் கட்டிபட்டு அளவே மாறிவிடும்.

வைத்ததும் வாஸ்லின் தடவிய கையுறை விரலால் சில செக்கன் அழுத்துங்கள். கலவை பள்ளத்துக்குள் இறங்கும், மிகுதி ஓரத்தில் பிதுங்கும், அதைச் சுரண்டி எடுங்கள். மேலே மறுபடி வாஸ்லின். ஒரு மணித்தியாலம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இதன் குறை தெரிந்ததே: சீக்கிரம் தேயும், உதிரும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பல பற்களில் மேலே ஒன்றுமே தெரியாது. ஆனால் பள்ளத்தின் அடியில் தங்கியிருக்கும் துணுக்கு தொடர்ந்து காப்பதால், சூத்தையைத் தடுப்பதில் ரெசினைவிடத் தெளிவாகப் பின்தங்கியது என்று சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. ஒரு வருடம் பாதி முளைத்த பல்லைக் காப்பாற்றித் தந்தால் அதன் வேலை முடிந்தது. பிறகு அதன்மேல் ரெசின் வைக்கலாம். பாதி முளைத்த பல்லுக்கு ரெசினுக்காகக் காத்திருப்பதே இருக்கிற தெரிவுகளில் மோசமானது.

வார்னிஷ்

5 சதவீத சோடியம் புளோரைட் வார்னிஷ் ஒன்றில் 22,600 பிபிஎம் புளோரைட் இருக்கிறது. பூச ஒரு நிமிடம், கையாள் தேவையில்லை, பிள்ளை அழுதாலும் பூசலாம். சீலன்டுக்கு மாற்றாக இதை முன்வைப்போர் காட்டுவது வேல்ஸில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வை. 6–7 வயதுப் பிள்ளைகளில் 36 மாதங்களுக்குப் பிறகு, முதலாம் கடைவாய்ப்பல்லில் டென்டின் வரை சூத்தை வந்தவர்கள் சீலன்ட் குழுவில் 19.6 சதவீதம், வார்னிஷ் குழுவில் 17.5 சதவீதம். புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லை. வார்னிஷ் செலவும் குறைவு.

இதை வாசித்துவிட்டுச் சீலன்டைக் கைவிடுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நடமாடும் கிளினிக் பாடசாலை வாசலுக்கே போய், ஆறு மாதத்துக்கொருமுறை மூன்று வருடம் பூசியது. காலி வீதி நெரிசலில் வேலைக்குப் போகும் அப்பா அம்மா, ரியூஷன் முடித்து வரும் பிள்ளையை வலியில்லாத பல்லுக்காக வருடம் இரண்டு தடவை கூட்டி வருவார்களா? பாடசாலைக்குள் சிகிச்சையாளர் இருந்தால் வார்னிஷ் நல்ல தெரிவு. தனியார் கிளினிக்கில் அது சீலன்டுக்குத் துணை. ஒரே நாளில் இரண்டும் என்றால் சீலன்ட் முதலில். வார்னிஷ் படலத்தின் மேல் அமிலம் வேலை செய்யாது.

38 சதவீத சில்வர் டயமீன் புளோரைட் குழி விழுந்த சூத்தையை நிறுத்த உதவும், பூசிய இடம் கறுக்கும். நியூயோர்க் பாடசாலைகளில் நடந்த பரிசோதனையில் அது சீலன்டுக்குச் சளைக்கவில்லை. நிரந்தரப் பல்லில் கறுப்பைப் பெற்றோர் ஏற்பார்களா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். எனாமல் உடைந்து டென்டின் தெரிகிற பல்லுக்குச் சிறிய நிரப்பலும் சுற்றியுள்ள பள்ளங்களுக்குச் சீலன்டும்.

கிளினிக்கில் ஏன் நுழைவதில்லை

பணம் ஒரு காரணம், அதை மறைப்பதில் பொருளில்லை. பல்லை அடைத்தால் பெற்றோர் வாய்பேசாமல் கட்டணம் தருகிறார்கள். வலியில்லாத பல்லில் ஒரு பூச்சுக்குக் காசு கேட்டால் "பிறகு பார்ப்பம் டொக்டர்" என்பார்கள். நான்கு பற்களையும் தனித்தனியே கணக்கிடாமல் ஒரே கட்டணமாகச் சொல்லி, முதல் வருடத்துக்குள் கழன்றால் திரும்பப் போடுவதையும் அதற்குள் அடக்கினால் ஒப்புக்கொள்பவர்கள் கூடுவார்கள். கட்ட முடியாதவர்களை வோர்ட் பிளேஸ் தேசிய பல் போதனா வைத்தியசாலைக்கோ பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்கோ, எந்தப் பல் என்று எழுதிய துண்டோடு அனுப்புங்கள். துண்டு இல்லாமல் போனால் அங்கேயும் வலிக்கிற பல்லைத்தான் பார்ப்பார்கள்.

மற்றக் காரணம் கை. மாலைக் கிளினிக்குகளில் நம்பர் கொடுப்பவரே கையாளாகவும் இருப்பார். ரெசின் போடும் நடுவில் தொலைபேசி அடித்து அவர் எழுந்து போனால் அந்தப் பல்லை எச்சில் ஆளும். தனியாகத்தான் செய்தாக வேண்டுமென்றால் ஒரு வருகையில் ஒரு பக்கம் மட்டும், மேல்பல் முதலில், இடையில் தொடர்ச்சியாகப் பத்து நிமிடம் யாரும் கூப்பிடாத நேரத்தில் செய்யுங்கள். அதுவும் முடியாத கிளினிக்கில் கிளாஸ் அயனோமரையே வழக்கமாக வைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. ஈரத்தில் போட்ட ரெசினைவிட அது எவ்வளவோ மேல்.

அட்டையில் பல்வாரியாகத் திகதி, பொருள், ஈரத்தைத் தடுத்த விதம், கூட நின்றவர் ஆகியவற்றை எழுதுங்கள். ஆறு மாதத்தில் காற்றடித்து உலர்த்தி, ஓரத்தை நுனியால் தடவிப் பாருங்கள். பாதி போயிருந்தால் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை, போன இடத்துக்கு மட்டும் அமிலம் வைத்து நிரப்புங்கள். கீழ்த்தாடையில் மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றால் பஞ்சு மாற்றும் விதத்தைத் திருத்துங்கள். நான்கு பற்களிலும், வெவ்வேறு பிள்ளைகளிலும் கழன்றால் கம்ப்ரெசரைத் திறந்து பாருங்கள்.